அலியின் உச்சக்காலம் எந்தச் சண்டையோடு முடிந்தது?

"பிரைம் அலியும் பிரைம் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்?" குத்துச்சண்டை பார்க்கிற இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். பிரைம் என்றால் உச்சக்காலம், ஆட்கள் முகமது அலியும் மைக் டைசனும். டைசன் விஷயத்தில் தேதி சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் படுக்க வைத்த இரவு. அதற்குப் பிறகு பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிவிட்டார், அப்புறம் இறங்குமுகம்தான் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அலி என்று வரும்போதுதான் தகராறு. ஒருவர் 1966-ன் அலியை மனதில் வைத்துப் பேசுவார். இன்னொருவர் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்த 1974-ன் அலியை வைத்துப் பேசுவார். இருவரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்துவார்கள்.

ஆகவே முதலில் தேதியை முடிவு செய்துகொள்வது நல்லது. ஓரளவு நியாயத்தோடு வாதாடக்கூடிய தேதிகள் என்று பார்த்தால் நான்கு தேறும். 1967 மார்ச் 22, சோரா ஃபோலியுடன் நடந்த சண்டை. அதற்குப் பிறகுதான், ராணுவத்தில் சேர மறுத்ததால், மூன்றரை ஆண்டு ரிங்குக்கு வெளியே நிற்க வேண்டி வந்தது. 1971 மார்ச் 8, ஜோ ஃப்ரேசியரிடம் முதல் தோல்வி. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. 1975 அக்டோபர் 1, மணிலாவில் ஃப்ரேசியரோடு மூன்றாவது மோதல். அலி பிறந்தது 1942 ஜனவரி 17-ல். அப்படியானால் வயது முறையே 25, 29, 32, 33.

இதற்கு அப்பால் உள்ள தேதிகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்தாரே, அப்போது ஸ்பிங்க்ஸ் தொழில்முறையில் மொத்தம் ஏழு சண்டைதான் போட்டிருந்தார். உச்சத்தில் இருக்கிற அலியை அப்படி ஒருவர் தொட்டிருக்கக்கூட முடியாது. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரோடு நிற்கும் படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் நேரில் கண்டது 38 வயது அலியை. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கினார். அந்தச் சண்டையைத் திரும்பப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை.

சரி, நான்கில் எது? இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தேதி அலிக்கு மட்டும் மார்க் போடுவதில்லை, அவரோடு மோதியவர்களுக்கும் சேர்த்துப் போடுகிறது. 1967 என்று வைத்தால், 1971-ல் ஃப்ரேசியர் ஜெயித்தது பாதி அலியை. 1974-ல் ஃபோர்மன் தோற்றதும் உச்சம் தாண்டிய ஆளிடம். 1975 என்று வைத்தால் கதை தலைகீழ். ஃப்ரேசியரும் கென் நார்ட்டனும் முழு அலியையே தோற்கடித்தவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால்தான் ஃப்ரேசியர் ரசிகர்கள் யாரும் 1967-ஐ ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அலி ரசிகர்களிலோ பலர் தோல்விகளுக்கு 1967-ஐயும் வெற்றிகளுக்கு 1975-ஐயும் எடுத்துக்கொள்வார்கள். இந்த வசதி யாருக்கும் கிடையாது. தோற்றாலும் ஜெயித்தாலும் தேதி ஒன்றுதான்.

அளவுகோல் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வெற்றிகள் எப்போது வந்தன என்பதை வைத்து உச்சத்தை அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி அளந்தால் அலியின் உச்சம் 1974, விவாதமே தேவையில்லை. நான் பார்ப்பது வேறு: நினைத்தபடி சண்டை போட்டாரா, முடிந்தபடி போட்டாரா? நினைத்ததை உடம்பு பதினைந்து சுற்றும் செய்துகொடுத்தவரை உச்சம். உடம்பு செய்துகொடுப்பதைப் பார்த்து மூளை திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய நாளில் உச்சம் முடிந்தது. அதன் பிறகு வருகிற வெற்றி இன்னும் பெரியதாக இருக்கலாம், இன்னும் அழகாகக்கூட இருக்கலாம்.

இந்த அளவுகோலோடு 1967-க்குப் போவோம். அந்த அலியைப் பார்க்க வேண்டுமானால் ஃபோலி சண்டையைவிட அதற்கு நான்கு மாதம் முந்தைய சண்டையைப் போட்டுப் பார்க்கலாம். 1966 நவம்பர் 14, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், எதிரே க்ளீவ்லாந்து வில்லியம்ஸ். மூன்றாவது சுற்றிலேயே முடிந்துபோனது. அலி கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டபடி வில்லியம்ஸைச் சுற்றி வருகிறார். முகம் திறந்தே கிடக்கிறது. வில்லியம்ஸ் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராகப் போடும் வேகமான குத்து) வீசும்போது கையைத் தூக்கித் தடுப்பதில்லை, குனிவதும் இல்லை. இடுப்புக்கு மேலே உடம்பை நேராகப் பின்னால் சாய்க்கிறார், அவ்வளவுதான். கையுறை தாடைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றுபோகிறது. இப்படி நேராகப் பின்னால் சாய்வது எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலேயே திட்டித் திருத்துகிற தப்பு. அலிக்கு அது தப்பாகவே இல்லை, ஏனென்றால் சாய்ந்த நொடியிலேயே கால் அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவது சுற்றில் வில்லியம்ஸ் மூன்று முறை விழுந்தார், மூன்றாவதில் இன்னொரு முறை. அதில் கவனிக்க வேண்டியது, அலி பின்னால் நகர்ந்துகொண்டே குத்துகிறார். பின்னங்காலில் எடையை வைத்துக்கொண்டு ஒரு ஹெவிவெயிட்டைச் சாய்ப்பது சாதாரணக் காரியம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்ல நிறைய உண்டு, சொல்லியே ஆக வேண்டும். வில்லியம்ஸை அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் டெக்சாஸ் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டிருந்தார். ஒரு சிறுநீரகம் போய்விட்டது. ரிங்கில் நின்றது பழைய வில்லியம்ஸ் இல்லை. ஃபோலி முப்பதைத் தாண்டியவர், அவருடைய நல்ல காலம் முடிந்திருந்தது. பிரையன் லண்டன் மூன்று சுற்றுதான் தாங்கினார். 1966 மார்ச் கடைசியிலிருந்து 1967 மார்ச் வரை, ஒரு வருஷம்கூட முழுதாக ஆகாத காலத்தில், அலி ஏழு முறை பட்டத்தைத் தற்காத்துக்கொண்டார். இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போடுவதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழு பேரில் ஃப்ரேசியரோ ஃபோர்மனோ கிடையாது. டொரண்டோவில் ஜார்ஜ் சுவாலோ பதினைந்து சுற்றும் நின்று விலாவில் குத்திக்கொண்டே இருந்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர், இடதுகைக்காரர், பன்னிரண்டாவது சுற்றுவரை தண்ணி காட்டினார்.

ஆனால் எர்னி டெரல் சண்டை இருக்கிறது. 1967 பிப்ரவரி 6, மறுபடி ஆஸ்ட்ரோடோம். டெரல் ஆறரை அடி உயரம், நீண்ட ஜாப், அலிக்கு முன் ஐந்தாண்டு தோற்காதவர். சண்டைக்கு முன் அலியைப் பழைய பெயரான கிளே என்றே கூப்பிட்டு வம்பிழுத்தார். அலி பதினைந்து சுற்றும் அவரை விடவில்லை, "என் பேர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பார்க்கக் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது வேறு: கடைசிச் சுற்றிலும் அலி குதிகால் தரையில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தார். பதினைந்து சுற்று, முக்கால் மணி நேர அடிதடி, அந்தக் கால்களைக் களைக்க வைக்க அதுவும் போதவில்லை. எடை 212 பவுண்டு சொச்சம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

ஃபோலியை ஏழாவது சுற்றில் முடித்தபோது கணக்கு 29 சண்டை, 29 வெற்றி, அதில் 23 பேர் கடைசி மணி அடிக்கும்வரை தாங்கவில்லை. ஏப்ரல் 28-ம் தேதி ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். அன்றே நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் உரிமத்தை நிறுத்தியது, பட்டம் போனது. ஜூனில் ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் உள்நாட்டில் எங்கும் உரிமம் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லாததால் வெளிநாட்டுக்கும் போக வழியில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசித்தான் வயிற்றைக் கழுவினார்.

1967-க்கு எதிரான கனமான வாதம் இங்கேதான் இருக்கிறது. 25 வயதில் யாருக்கும் உச்சம் முடிவதில்லை. அது உச்சத்தை நாம் கடைசியாகப் பார்த்த தேதி, முடிந்த தேதி இல்லை. 1968-லும் 1969-லும் ஆடவிட்டிருந்தால் இன்னும் மெருகேறியிருப்பார் என்பதுதான் என் கணிப்பும். ஹெவிவெயிட்டுகளுக்கு 26, 27, 28 எல்லாம் விளைச்சல் காலம். அப்படியானால் உச்சம் 1967-க்கும் 1970-க்கும் நடுவில் எங்கோ, யார் கண்ணிலும் படாமல் கரைந்துபோயிருக்க வேண்டும். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் யாரும் பார்க்காத சண்டையை வைத்து யாரையும் ஒப்பிட முடியாது. நமக்குத் தேவை ஒரு எல்லைக்கோடு. கடைசியாகக் கண்ணால் பார்த்த இடத்தில்தான் அதைப் போட முடியும்.

அடுத்தது 1971. இதைச் சொல்பவர்களின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இரண்டு பேரும் தோல்வியே காணாதவர்கள், ஆளுக்கு 25 லட்சம் டாலர், மாடிசன் ஸ்கொயர் கார்டன். (ஃபோலி சண்டையும் அங்கேதான் என்று எழுதுவார்கள், பெயர்தான் அதே, கட்டடம் வேறு. பழையதை இடையில் மூடிவிட்டார்கள்.) அலிக்கு எடை 215. பதினான்கு சுற்றுவரை கை ஓயவில்லை. பதினைந்தாவது தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, அலி வலது கையால் கீழிருந்து மேலே ஒரு அப்பர்கட் போட எத்தனித்தார். அதற்காக வலது கை தாடையை விட்டு இறங்கியது. ஃப்ரேசியர் அதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி இடது ஹூக்கை (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து) வீசினார். அலி மல்லாந்து விழுந்தார், காலணியில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சங்கள் மேலே பறந்தன. நான்கு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டார், அது வேறு விஷயம்.

அந்த ஹூக் தற்செயல் இல்லை. ஃப்ரேசியர் தரப்பில் இருந்த எடி ஃபட்ச் அலியை வெகுநாள் கவனித்து வைத்திருந்தார். அப்பர்கட் போடும்போது அலி நிமிர்ந்து நின்றபடியே வலது கையை இறக்குகிறார். அது இறங்குவதைப் பார்த்த உடனே இடது ஹூக்கைப் போடு என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது. இந்த ஓட்டை 1971-ல் புதிதாக வந்ததா? இல்லை. 1962-ல் சானி பேங்க்ஸ் அலியை உட்கார வைத்தது இடது ஹூக்கில். 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் கயிற்றோரம் சாய்த்ததும் இடது ஹூக்கில். ஃப்ரேசியர் ரசிகர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: ஓட்டை எப்போதும் இருந்தது, 1967-ன் அலியாக இருந்தாலும் ஃப்ரேசியர் கண்டுபிடித்திருப்பார். நல்ல வாதம். முழுதாக மறுக்க முடியாது.

ஆனால் நான் அந்த ஒரு குத்தைப் பார்க்கவில்லை, மற்ற பதினான்கு சுற்றுகளைப் பார்க்கிறேன். அதில் பல இடங்களில் அலி கயிற்றில் சாய்ந்து நிற்கிறார். ஃப்ரேசியரின் நெற்றியில் லேசாகத் தட்டுகிறார், கூட்டத்தைப் பார்த்து "வலிக்கவில்லை" என்று தலையாட்டுகிறார். விளையாட்டுக் காட்டுவது போல இருக்கும். உண்மையில் கால்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு ஆஸ்கர் பொனவேனாவோடு இன்னும் மோசம். பதினைந்தாவது சுற்றில் ஒரு அருமையான இடது ஹூக்கில் சண்டையை முடித்ததால், அதற்கு முன் நடந்த தடுமாற்றத்தை மறந்துவிட்டோம். மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ அலியின் மூலையில், அதாவது சுற்றுகளுக்கு நடுவே அவரைக் கவனிக்கிற குழுவில், பல ஆண்டு இருந்தவர். திரும்பி வந்த அலிக்குக் கால் போய்விட்டது, அதோடு தன்னால் அடி தாங்க முடியும் என்றும் தெரிந்துவிட்டது, அதுதான் வினை என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். 1971 மார்ச்சில் அலியின் உச்சம் முடியவில்லை. முடிந்துபோன விஷயம் அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

"அட, மூன்றரை ஆண்டு ஆடாததால் வந்த துருதான் அது, இரண்டு மூன்று சண்டையில் தேய்ந்து போயிருக்கும்" என்பார்கள். துருவா, தேய்மானமா என்று கண்டுபிடிக்க ஒரு சண்டை இருக்கிறது. யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1973 மார்ச் 31, சான் டியேகோ. 221 பவுண்டு எடையோடு வந்த அலியின் தாடையை நார்ட்டன் உடைத்தார். நார்ட்டனுக்கும் பயிற்சியாளர் அதே எடி ஃபட்ச்தான்! பன்னிரண்டு சுற்று முடிவில் அலி தோற்றார். சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று சமாதானம் சொன்னார்கள், அதில் உண்மையும் இருந்தது. இப்போது செப்டம்பர் 10-க்கு வாருங்கள், இங்கிள்வுட்டில் மறுபோட்டி. இந்த முறை அலி பென்சில்வேனியாவில் டியர் லேக் முகாமில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தார். எடை 212. டெரலோடு ஆடியபோது இருந்த அதே எடை. திரும்பி வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது, இடையில் ஒரு டஜனுக்கு மேல் சண்டை போட்டாகிவிட்டது, ஆகவே துரு என்று சொல்ல வழியில்லை. தோற்றால் எல்லாம் போச்சு என்று அவருக்கே தெரியும்.

முதல் சுற்றுகளில் பழைய அலியே வந்துவிட்டார் என்று தோன்றும். சுற்றிச் சுற்றி ஓடுகிறார், ஜாப் விழுகிறது, நார்ட்டன் காற்றில் குத்துகிறார். ஐந்து சுற்றுக்குப் பக்கத்தில் குதிகால் தரையைத் தொடத் தொடங்குகிறது. நடுச்சுற்றுகளில் நார்ட்டன் அவரைப் பிடித்துவிட்டார். கடைசிச் சுற்றில் நின்று மூர்க்கமாகக் குத்தித்தான் அலி ஜெயித்தார், அதுவும் மதிப்பெண் போட்ட மூன்று பேரில் ஒருவர் நார்ட்டனுக்குக் கொடுத்த தீர்ப்போடு. ஆள் அதே, எடை அதே, எண்ணமும் அதே. 1967-ல் பதினைந்து சுற்று ஓடிய கால் 1973-ல் பாதிச் சண்டையோடு நின்றுவிட்டது. கால் போனதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை நாமே உட்கார்ந்து ஏற்பாடு செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது.

அடுத்து கின்ஷாசா. அலி வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த சண்டை இதுதான், ஆனாலும் எல்லைக்கோடு இங்கே இல்லை. அதற்குமுன் நார்ட்டனையும் ஃப்ரேசியரையும் தலா இரண்டு சுற்றில் நொறுக்கியிருந்தார் ஃபோர்மன். 40 சண்டை, 40 வெற்றி, வயது 25. அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கிய சண்டையில் முதல் சுற்றில் அலி ஜாப் போடாமல் நேராக வலது கையால் குத்தி ஃபோர்மனைத் திகைக்க வைத்தார். இரண்டாவது சுற்றிலிருந்து கயிற்றில் போய்ச் சாய்ந்துகொண்டார். மூலையிலிருந்து அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ "கயிற்றைவிட்டு வா" என்று தொண்டை கிழியக் கத்தினார். அலி ஏன் அப்படிச் செய்தார்? அவரே பிறகு விளக்கினார். ரிங் தரை மெத்தென்று காலை இழுத்தது. ஃபோர்மன் ஒரு எட்டு வைத்து வழியை மறிக்க, தான் இரண்டு எட்டு வைக்க வேண்டியிருந்தது. இப்படியே போனால் சீக்கிரம் களைத்துவிடுவோம் என்று முதல் சுற்றிலேயே கணக்குப் போட்டுவிட்டார். எட்டாவது சுற்று முடிய இரண்டு நொடி இருக்கும்போது ஃபோர்மன் விழுந்தார். அபாரமான மூளை, அபாரமான நெஞ்சுரம், மறுப்பேதும் இல்லை. ஆனால் என் அளவுகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது முடிந்தபடி போட்ட சண்டை. கால் இருந்திருந்தால் கயிற்றுக்குப் போயிருக்கவே மாட்டார்.

1974-ஐ ஆதரிப்பவர்களிடம் இன்னொரு வாதம் உண்டு: உச்சம் என்பது கால் மட்டுமா, அனுபவம் சேர்ந்த அலிதானே முழுமையான அலி? ஒரு நாள் போட்டியாக, ஒரே ஒரு எதிராளிக்கு எதிராக என்றால் ஒத்துக்கொள்வேன். 1967-ன் அலியிடம் ஃபோர்மனுக்கு எதிரான இந்தத் தந்திரம் இருந்திருக்காது. தேவையும் இருந்திருக்காது என்பது என் நினைப்பு. அதை நிரூபிக்க முடியாது என்பதால் இதற்குமேல் இழுக்கவில்லை.

மணிலாவைப் பற்றிச் சுருக்கமாக. அலிக்கு 224 பவுண்டுக்கு மேல். காலை நேரச் சண்டை, தகரம் காய்கிற வெயில், பதினான்கு சுற்று. ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி வருகிற குத்து தெரியாமல் போனதால் பதினைந்தாவதற்கு அனுப்ப ஃபட்ச் மறுத்துவிட்டார். சாவுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது அன்றைக்குத்தான் என்று அலி சொன்னார். இரண்டு பேருமே உச்சத்தைத் தாண்டியிருந்ததால்தான் அந்தச் சண்டை அப்படி அமைந்தது. விலகவும் தெரியவில்லை, விலக்கவும் முடியவில்லை. வந்த குத்தெல்லாம் விழுந்தது. மணிலா அலியின் உச்சத்துக்கு முடிவு இல்லை, சாம்பியன் தரத்துக்கு முடிவு. அடுத்து வந்த பத்துச் சண்டையில் இரண்டு பேரைத்தான் நேரத்துக்கு முன் முடித்தார், இரண்டாமவரான ரிச்சர்ட் டன்னோடு (1976 மே, மியூனிக்) அதுவும் நின்றுபோனது. 1976-ல் ஜிம்மி யங்கோடு 230 பவுண்டில் வந்து நின்றதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அலியின் பேச்சுப் பதிவுகளை வைத்துப் பின்னாளில் அரிசோனா ஆய்வாளர்கள் பார்த்தபோது, 26 வயதுக்கும் 39 வயதுக்கும் நடுவில் அவர் பேசும் வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது. பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் பெயர் சொன்னது 1984-ல். கயிற்றில் சாய்ந்து தாங்கிய குத்துகளுக்கும் இதற்கும் எவ்வளவு சம்பந்தம் என்பது மருத்துவர்கள் பேச வேண்டியது, ஆனால் குத்துகள் எண்ணிக்கையில் ஏறிய காலம் எது என்பதில் குழப்பம் இல்லை.

"இரண்டு உச்சம் இருந்தது, காலால் ஒன்று, தலையால் ஒன்று" என்று சிலர் சமரசம் செய்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முடிவெடுக்க உதவாது. மறுபடியும் ஆளுக்கொரு உச்சத்தை எடுத்துக்கொண்டு பழையபடி கத்தத்தான் பயன்படும்.

என் தேர்வு 1967 மார்ச் 22. அதுவரை 29 சண்டையில் 23 பேரை இடையிலேயே முடித்தவர், அதற்குப் பின் 32 சண்டையில் 14 பேரை மட்டுமே முடித்தார். பின்னால் வந்தவர்கள் பலசாலிகள் என்பதால் இந்த எண்களை மட்டும் நம்பச் சொல்லவில்லை. என்னைச் சாய்த்தது இங்கிள்வுட் சண்டையின் நடுச்சுற்றுகள்தான்.

இந்தத் தேதியை எடுத்தால் அதன் விலையையும் கொடுத்தாக வேண்டும். ஒன்று, உச்சத்தில் இருந்த அலியை மாபெரும் எதிராளி ஒருவர்கூடச் சோதிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1964-ல் அலி யாரிடமிருந்து பட்டத்தைப் பறித்தாரோ அந்த சானி லிஸ்டன் ஒருவரைத் தவிர, அவர் விஷயத்திலும் வயதைப் பற்றிய சந்தேகம் தீரவில்லை. இரண்டு, ஃப்ரேசியருக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1971-ல் அலி உச்சத்தில் இல்லை என்பதால் ஃப்ரேசியரின் வெற்றி மட்டம் ஆகிவிடாது. அன்று அவர் இருந்த நிலையில் எந்த ஹெவிவெயிட்டுக்கும் அவர் சரிநிகர் எதிரி. வேடிக்கை என்னவென்றால், ஃப்ரேசியரின் உச்சத்துக்குத் தேதி குறிப்பது வெகு சுலபம். அதே 1971 மார்ச் 8 தான். ஜெயித்த கையோடு மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். இரண்டு ஆண்டு கழித்து கிங்ஸ்டனில் ஃபோர்மன் அவரை இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் உருட்டினார். அலியின் உச்சத்தை நீதிமன்றம் தின்றது, ஃப்ரேசியரின் உச்சத்தை அலி தின்றார்.

ஆகவே இனி யாராவது பிரைம் அலி, பிரைம் டைசன் என்று ஆரம்பித்தால், ஆஸ்ட்ரோடோமில் வில்லியம்ஸைச் சுற்றி வந்த அலியையும் அட்லாண்டிக் சிட்டி டைசனையும் எதிரெதிரே நிறுத்துங்கள். முதல் மூன்று சுற்றைத் தாண்டிவிட்டால் அலி என்பது என் பந்தயம். நார்ட்டனை நிறுத்தினால் மட்டும் பந்தயம் கட்ட மாட்டேன். ஜாபுக்கு ஜாப் போட்டு அலியின் தாளத்தையே குலைக்கிற அந்த வித்தையை ஃபட்ச் சொல்லிக்கொடுத்துவிட்டார். 39 சுற்று மோதியும் அலி அதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. 1967-ன் அலிக்கும் நார்ட்டன் தலைவலியாகத்தான் இருந்திருப்பார்.